பானெட்டைத் திறங்கள், பேசுவோம்

அம்பாசடர், பத்மினி, மாருதி 800 என்று வயதான வண்டிகளைக் கைவிடாமல் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் இந்த முறை குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே புகார்தான்: ஸ்டார்ட் ஆகவில்லை.

என் பத்மினி நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடியது. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும்?
(வாசகர், கும்பகோணம்)

எதையும் மாற்ற வேண்டாம், முதலில் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவே இல்லை, அல்லது முக்கி முனகிச் சுற்றுகிறது என்றால் பேட்டரி, அதன் முனைகள், எர்த், செல்ஃப் மோட்டார் பக்கம்தான் தேட வேண்டும். அப்போது பெட்ரோலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றில் ஏதோ ஒன்று வரவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே கடைக்கு ஓடி, காயில் ஒன்று, பம்ப் ஒன்று, பிளக் ஒரு செட் என்று வாங்கி வந்து, கடைசியில் பேட்டரி முனையில் ஒரு நட்டை இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தவர்கள் ஏராளம். சோதித்த பிறகு வாங்குங்கள். பழைய வண்டிக்காரர் பணத்தைக் காப்பாற்றும் வழி இதுதான்.

அம்பாசடர். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்கிறது. அவ்வளவுதான்.
(வாசகர், கரூர்)

எத்தனை டக்? ஒரே ஒரு டக் என்றால் சொலினாய்டு இழுக்கிறது. ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால், சொலினாய்டை இழுத்துப் பிடித்து வைக்கக்கூட பேட்டரிக்குத் தெம்பில்லை.

சந்தேகம் இருந்தால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் துளியும் குறையாவிட்டால் கரண்ட் மோட்டாரை எட்டவே இல்லை. மங்கி அணைந்தே போனால் பேட்டரியோ அதன் முனையோ குற்றவாளி. கையில் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜில் போட வேண்டும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது ஓய்வு கேட்கிறது.

செல்ஃப் மோட்டாரை ஒரு தட்டு தட்டினால் ஸ்டார்ட் ஆகும் என்கிறார்களே?
(வாசகர், ஆம்பூர்)

ஆகும். தேய்ந்த பிரஷ் ஒரு முறை நகர்ந்து உட்காரும். அந்த ஒரு முறையில் நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய்விடுங்கள்.

போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன். இருந்தும் பழைய மாதிரியே முனகுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகர், திருநெல்வேலி)

அவர் மேல் பழி போடுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனை பாடிக்குப் போகிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் செம்புப் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். பல வருட எண்ணெயிலும் துருவிலும் அது இற்றுப்போய்விட்டால், நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிற செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பி வர வழி தேடும். கிடைக்கிற வழி ஆக்சிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோதான். நாலைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டு அந்தக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உங்கள் புது பேட்டரி நிரபராதி. மீட்டரில் பார்ப்பதானால் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் மேலும், இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பட்டையை மாற்றுங்கள். அது உட்காரும் இடத்தில் பெயிண்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்த பிறகு மாட்டுங்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள்.

‘வீ…ங்’ என்று செல்ஃப் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. இன்ஜின் அசையவில்லை.
(வாசகர், நாகர்கோவில்)

மோட்டார் சுற்றுகிறது, அதன் பினியன் முன்னே போய் ஃப்ளைவீல் பல்லைக் கவ்வவில்லை. பழைய அம்பாசடரில் அந்தப் பினியன் நகர்கிற தண்டில் அழுக்கும் கெட்டிப்பட்ட கிரீஸும் சேர்ந்தால் இப்படித்தான். கழற்றி, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் இல்லாமல் உலர்வாகவே மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய் போட்டால் கிளட்ச் தூசி வந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. கரண்ட் வருகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? வண்டி 1986 அம்பாசடர்.
(வாசகர், தஞ்சாவூர்)

பார்க்கலாம். வேண்டியது ஒரு பிளக் ஸ்பேனர், ரப்பர் பிடி போட்ட குறடு, கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டெஸ்ட் லேம்ப்.

ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே மாட்டி, இரும்பு உடல் இன்ஜினைத் தொடும்படி குறட்டால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமாக, ‘பட் பட்’ என்று சத்தத்தோடு பொறி வந்தால் கரண்ட் பக்கம் சரி, பெட்ரோலைத் தேடுங்கள். மஞ்சளாக இழைமாதிரி வந்தாலோ வராமலே போனாலோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டியதுதான்.

சாவியைப் போட்டுவிட்டு, டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டிக் காயிலைப் பாருங்கள். சாவியிலிருந்து வரும் வயர் உள்ள முனையில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் சுவிட்ச், ஃப்யூஸ், வயர் இவற்றில் ஏதோ ஒன்று. அங்கே எரிகிறது என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற முனைக்கு வாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இங்கே விளக்கு மினுக் மினுக்கென்று மின்ன வேண்டும். பாயிண்ட் மூடும்போது அணையும், திறக்கும்போது எரியும். விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவே இல்லை, அல்லது அதன் முகத்தில் கரி. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது உள்ளே ஏதோ வயர் உரசி எர்த் ஆகிறது. இந்த ஒரு மினுக்கலில் கிடைக்கிற செய்தி, ஐந்து பார்ட் மாற்றிப் பார்த்தாலும் கிடைக்காது.

பாயிண்ட் முகம் குழி விழுந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். அம்பாசடர் பிளக்குக்கு 0.6. பாயிண்ட்டில் கொழுத்த பொறி தெறித்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். மூடிக்குள் நடுவில் ஒரு கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு இருக்கும். அது உடைந்தோ தேய்ந்தோ இருந்தால் மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை. பிளக் வயர்களைக் கழற்றினீர்கள் என்றால் திரும்ப மாட்டும் வரிசை முக்கியம்: 1, 3, 4, 2.

இந்த டிஸ்ட்ரிபியூட்டர்களும் செல்ஃப் மோட்டார்களும் நம் சென்னை பாடியில், 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையில் உருவானவை. எளிமையான, பழுது பார்க்கக்கூடிய பொருட்கள். ஒரு மதியம் ஒதுக்கினால் யாரும் புரிந்துகொள்ளலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாயிண்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாமா?
(வாசகர், ஓசூர்)

தாராளமாக. ஆனால் எறியாதீர்கள். பழைய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். கிட் நடுவழியில் போனால் செங்கம் சாலையில் அதற்கு உதிரி கிடைக்காது. இந்த இரண்டும் கையில் இருந்தால் கால் மணி நேரத்தில் கிளம்பலாம்.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது. விட்டவுடன் நின்றுவிடுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.
(வாசகி, பழனி)

பேய் இல்லை அம்மா, சாவி சுவிட்ச். ஸ்டார்ட் நிலையிலும் ஓடும் நிலையிலும் இக்னிஷனுக்குக் கரண்ட் தருவது உள்ளே வெவ்வேறு இணைப்புகள். ஓடும் நிலைக்கான இணைப்பு தேய்ந்துவிட்டது. சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்று வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று இருக்கும். அது அறுந்தாலும் இதே கதைதான். உங்கள் புகாரை இவ்வளவு துல்லியமாக எழுதியதால்தான் பத்து வரியில் பதில் சொல்ல முடிந்தது. மெக்கானிக்கிடமும் இப்படியே சொல்லுங்கள்.

எங்கள் மெக்கானிக் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்கிறார். டியூப் வைத்து வாயால் உறிஞ்சுகிறார். சரியான முறையா?
(வாசகர், விழுப்புரம்)

இரண்டும் கூடவே கூடாது. கார்புரேட்டர் வழியாக இன்ஜின் திருப்பி அடித்தால் நெருப்பு நேராக முகத்துக்கு வரும். கையில் பெட்ரோல் பாட்டிலும் இருந்தால் கேட்க வேண்டாம். வாயால் உறிஞ்சும்போது ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனால் அது நிமோனியா வரை கொண்டுபோகும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேராக மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுங்கள். உங்கள் வண்டியை இத்தனை வருடம் ஓட வைத்த மனிதரின் உடம்பு அது.

பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க ஊற்றவே தேவையில்லை. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துக்கொண்டே கார்புரேட்டருக்குள் எட்டிப் பாருங்கள். பத்மினியின் சோலெக்ஸ் மாதிரி கார்புரேட்டரில் மெல்லிய பெட்ரோல் பீய்ச்சல் தெரியும். தெரிந்தால் பெட்ரோல் மேலே வரை வந்திருக்கிறது.

மே மாத மதியம், திண்டுக்கல்லைத் தாண்டியதும் பத்மினி நின்றது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. வாரா வாரம் இதே கூத்து.
(வாசகர், மதுரை)

சூட்டில் நின்று, ஆறியதும் எழுந்திருக்கும் வண்டியில் இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று பெட்ரோல் லைனிலும் ஏசி பம்ப்பிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. இன்னொன்று காயில், உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் காப்பு சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். கண்டென்சரும் இதே வேலையைச் செய்யும்.

நின்ற அந்த நிமிடமே சோதித்தால்தான் ஆள் பிடிபடுவார். ஆறிவிட்டால் இரண்டு பேருமே நல்லவர்கள். முதலில் நான் மேலே சொன்ன பீய்ச்சல் சோதனை. பெட்ரோல் வராவிட்டால் பம்ப் மேல் ஈரத்துணியைப் போடுங்கள். நம் டாக்ஸி டிரைவர்கள் கோடை முழுக்க பம்ப்பில் ஈரத்துணி சுற்றியே ஓட்டினார்கள். உடனே சரியானால் ஆவி அடைப்பு உறுதி. லைன் சைலன்ஸர் பக்கம் உரசிப் போகிறதா, பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே சூடு தடுக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் பொறியைப் பாருங்கள். அது இல்லையென்றால் காயில்.

மூன்றாவதாக ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்: பெட்ரோல் டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்ப்பால் இழுக்க முடியாது. நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனால் ஒரு ஊசியோடு உங்கள் செலவு முடிந்தது.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?
(வாசகர், ஈரோடு)

இன்று பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. உங்கள் வண்டியின் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்க் பேக்கிங் எதுவும் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் ஊதும், பிசுபிசுக்கும், வெடிக்கும். டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடையும் எத்தனால் கிளப்பிவிடும். அது ஃபில்டரிலும் ஜெட்டிலும் போய் உட்காரும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப்போ அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்?

எத்தனாலுக்குத் தாங்கும் ரப்பரில் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் மாற்றுங்கள், வெளியே தெரியும்படி ஒரு ஃபில்டர் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். ஹோஸ் கசிகிறது என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். பழைய கார் தீப்பிடிப்பது பல நேரம் இந்த இடத்தில்தான்.

மழை பெய்தால் என் வண்டி லீவு எடுத்துக்கொள்கிறது.
(வாசகர், கடலூர்)

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். மூடியில் முடிபோல விரிசலோ கருப்புக் கோடோ தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, புதிது போடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். கசியும் பிளக் வயர் நீலமாக ஒளிர்ந்து தானே காட்டிக்கொடுக்கும்.

இது மழைக்கு. வெள்ளத்துக்குப் பதில் வேறு. இன்ஜின் வரை தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்ததாலேயே சில ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவை லட்சத்துக்கு ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பிளக்கையெல்லாம் எடுத்துவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், ஆயிலை மாற்றுங்கள். சாவியெல்லாம் அதற்குப் பிறகு.

தாத்தா ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வாராம். நானும் முயலலாமா?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

முயலுங்கள், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு. பிடியைச் சுற்றிக் கட்டைவிரலை மடக்கினால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது எலும்பு முறியும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து அழுத்தாதீர்கள். இந்த உதைக்குப் பயந்துதான் 1912இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் எலக்ட்ரிக் செல்ஃப் வந்ததும் உலகமே அதன் பின்னால் போனது.

கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆனாலும் காலையில் பிடிப்பதே இல்லை. தள்ளினால் பிடிக்கிறது. 1970களின் அம்பாசடர்.
(வாசகர், சேலம்)

கம்ப்ரஷன் பாருங்கள். அதிலும் முதலில் வால்வு. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் அந்த ஈயமே வால்வு உட்காரும் இடத்துக்குக் காப்பாக இருந்தது. 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000இல் நாடு முழுக்க ஈயம் நின்றது. நம் மூச்சுக்கு அது மிகப் பெரிய நன்மை. ஆனால் பழைய இன்ஜினில் வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் இறங்கும். இறங்கினால் கிளியரன்ஸ் குறையும், கடைசியில் வால்வு முழுதாக மூடாது. உங்கள் இன்ஜினுக்கு அது 0.015 அங்குலம் இருக்க வேண்டும். ஓவர்ஹால் என்று யாராவது விலை சொல்வதற்கு முன் ஒரு டேப்பெட் செட்டிங் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான வால்வு சீட் போட வேண்டிவரும்.

2003 மாருதி 800. கார்புரேட்டர் இல்லை. இதற்கும் பதில் உண்டா?
(வாசகி, வேலூர்)

உண்டு. சாவியைப் போட்டதும், செல்ஃப் அடிப்பதற்கு முன், பின் சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி ‘ம்ம்’ என்ற சத்தம் வர வேண்டும். அது டேங்க்கில் உள்ள பெட்ரோல் பம்ப். சத்தம் இல்லையென்றால் பம்ப்பை வாங்கும் முன் ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள். எலி கடித்த வயரையும் தேடுங்கள். இன்ஜின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேற்கொண்டு செல்ஃப் அடிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?
(வாசகர், திருச்சி)

2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் நின்றது. பார்ட்ஸ் நிற்கவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது, புதுப்பேட்டையில் பழையது. பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் விவரித்து வாங்கினால் இரண்டு முறை போக வேண்டிவரும்.

அப்பா காலமாகி ஆறு வருடம். அவருடைய பத்மினி அன்றிலிருந்து ஷெட்டிலேயே நிற்கிறது. ஓட வைக்க ஆசை. பேட்டரி மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா?
(வாசகி, பொள்ளாச்சி)

பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வேலை முடிந்தது. சுற்றாவிட்டால் பலாத்காரம் வேண்டாம். துரு பிடித்த ரிங் உடையும். இன்னும் ஆயில் விட்டு இன்னும் சில நாள் பொறுங்கள்.

டேங்க்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். முழுக்க வடித்து, டேங்க்கைக் கழுவி, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவச் சொல்லுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எலிக்கூடு ஏர் கிளீனருக்குள்ளும் இருக்கும், சைலன்ஸர் வாயிலும் பாருங்கள். பாயிண்ட் முகம் கட்டாயம் பூத்திருக்கும், தேய்த்துவிடுங்கள். இதெல்லாம் ஆன பிறகு பேட்டரி. பிளக் மாட்டாமலே பத்து வினாடி செல்ஃப் அடித்து ஆயில் மேலே ஏற விட்டு, அப்புறம் பிளக்கை மாட்டி, சோக்கை இழுத்துத் திருப்புங்கள்.

பிடித்துவிட்டால் சந்தோஷத்தில் தெருவுக்கு ஓட்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். ஆறு வருடம் நின்ற பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் இறுகியிருக்கும், திரவத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கும். டயரும் வெடிப்பு விட்டிருக்கும். நான்கு சக்கரத்தின் சிலிண்டரையும் பிரித்துப் பார்த்து, ஷெட்டுக்குள்ளேயே பத்து முறை பெடலை மிதித்துப் பிரேக் நிற்கிறதென்று உறுதியான பிறகு கேட்டைத் திறங்கள்.